சிந்தியதும் தின்ற கணக்கில்

என் தம்பி எலிகளுக்கு வயதாவதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குச் சம்பளம் வாங்கினான். இப்படிச் சொன்னால் அவனுக்கு முகம் சுருங்கிவிடும். "வளர்சிதை மாற்றமும் முதுமையும்" என்று வாய் நிறையச் சொல்ல வேண்டுமாம். நானோ பணி ஓய்வு பெறும் வரை ரயில் நிலையத்து டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்திருந்தவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் எங்கே போகிறான் என்று ஒரே வார்த்தையில் சொல்லாவிட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் தம்பி என்ன செய்கிறான் என்று யார் கேட்டாலும், "எலிக்கு வயசு பாக்கிறான்" என்றுதான் சொல்லிவந்தேன்.

கேலியைத் தள்ளி வைத்துச் சொன்னால் அவன் வேலை இதுதான். சாப்பிட்ட சாப்பாடு உடம்புக்குள் போய்ச் சர்க்கரையாகிறது, சக்தியாகிறது, மிஞ்சியது கொழுப்பாக ஒட்டிக்கொள்கிறது. வயதாக ஆக இந்த வரவு செலவு ஏன் தாறுமாறாகிறது, நீரிழிவு ஏன் வருகிறது, வந்த பிறகு கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் ஏன் தேடித் தேடிப் பிடிக்கிறது என்று பார்ப்பது. மனிதனை வைத்துப் பார்க்கலாம் என்றால் அவன் எழுபது எண்பது வருடம் இழுத்தடிப்பான். சுண்டெலி அப்படியில்லை. பிறந்து, பெருத்து, கூன் விழுந்து, ரோமம் கொட்டி, எல்லாவற்றையும் இரண்டு மூன்று வருடத்தில் முடித்துக்கொண்டு போய்விடும். ஆராய்ச்சிக்காரர்களுக்கு அவசரம்.

ஆராய்ச்சி நிலையத்தில் அவனுக்குத் 'தராசு' என்று பட்டப்பெயர். எலியை எடை போடுவான், எலித் தீனியை எடை போடுவான், எலி போட்ட குட்டியையும் எடை போடுவான். எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால்கூடத் தட்டை ஒரு கையில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பான். "என்னடா, உங்க அக்கா கல்லா சமைச்சிருக்கா?" என்று நான் கேட்டால் வெட்கப்படுவான். கல்யாணப் பேச்சை எடுக்கும்போதெல்லாம், "இந்தக் கூட்டம் முடியட்டும்க்கா" என்றான். எலிக் கூட்டம் ஒன்று செத்து முடிந்தால் அடுத்தது பிறந்து தொலைத்தது. எலிக்கு வயதானதையே பார்த்துக்கொண்டிருந்தவன் தன் தலை நரைத்ததைப் பார்க்கவில்லை. எங்கள் அம்மா அப்பா இருந்திருந்தால் என்னைத்தான் திட்டியிருப்பார்கள்.

என் வீட்டுக்காரர் பஸ் டிரைவராக இருந்தவர். மலைப்பாதையில் எதிரே லாரி வந்தாலும் ஒரு கையால் திருப்புகிற மனிதர், இன்சுலின் ஊசியைக் கண்டால் மட்டும் சின்னப் பிள்ளை மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வார். முதலில் மாத்திரை, பிறகு இரண்டு மாத்திரை, அதற்கும் அடங்காமல் கடைசியில் ஊசி. ஒவ்வொரு தடவையும் நான் ஊசியை எடுத்து வரும்போது அவருக்கு வாசலில் யாரோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். இந்த ஊசியிலிருந்து தன்னை விடுவிக்கப் பிறந்தவன் என் தம்பி என்று அவருக்கு ஒரு நம்பிக்கை. மச்சினன் என்ற உறவுக்கு மேலே, கடவுளுக்குக் கொஞ்சம் கீழே வைத்திருந்தார் அவனை.

"மாப்ளே, எப்ப குடுப்பே மருந்து? நான் போறதுக்கு முன்னாடி குடுத்துருவியா?" என்று கேட்பார்.

"வேலை நடக்குது மாமா" என்பான் தம்பி. அவனுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

அவனுடைய இயக்குநருக்கு நான் வைத்த பெயர் சிரஞ்சீவி. 'முதுமை என்பது விதியல்ல, அது ஒரு நோய்' என்று மேடைக்கு மேடை பேசுகிற ஆள். நூற்றிருபது வயது வரை வாழப்போவதாக அவரே அறிவித்திருந்தார். யாரும் அவரைக் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அறையில் நாற்காலியே கிடையாது. டிரெட்மில் என்கிற நடைப் பட்டை ஒன்றைப் போட்டு அதில் நடந்துகொண்டேதான் கோப்பு பார்ப்பார். பார்க்கப் போகிறவர்களும் நின்றுகொண்டே பேச வேண்டும். தலைமுடிக்குச் சாயம் பூசியிருந்தார். முதுமை நோய் என்றால் சாயம் எதற்கு, மருந்து சாப்பிட வேண்டியதுதானே என்று நான் தம்பியிடம் கேட்டேன். அவன், "சத்தமா பேசாதேக்கா" என்று என் வீட்டுச் சமையலறையிலேயே சுற்றும் முற்றும் பார்த்தான். அத்தனை வீரன்.

சிரஞ்சீவியின் கையில் ஒரு வெள்ளைப் பொடி சிக்கியது. அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை, எண்தான். அதைத் தீனியில் கலந்து கட்டி கட்டியாக்கி ஒரு பகுதி எலிகளுக்குப் போட்டார்கள். இன்னொரு பகுதிக்குப் பொடி கலக்காத சாதாரணத் தீனி. சாதாரணத் தீனி தின்ற எலிகள் கொழுத்தன, சர்க்கரை ஏறியது, ஒரு மூலையில் கிடந்து செத்தன. பொடி கலந்த தீனிக்காரர்கள் ஒல்லியாக, சுறுசுறுப்பாக, ரோமம் பளபளக்க ஓடிக்கொண்டே இருந்தார்கள். சர்க்கரை அளவு கட்டுக்குள். சாகவும் மறந்துவிட்ட மாதிரி வெகுநாள் வாழ்ந்தார்கள்.

குறைவாகத் தின்ற எலி மெலியும், நாள்பட வாழும் என்பது அந்தத் துறையில் எல்லாருக்கும் தெரிந்த பழைய சங்கதி. அதனால் முதல் கேள்வியே, 'இவை குறைவாகத் தின்கின்றனவா?' என்பதுதான். அதற்குப் பதில் சொல்வது தம்பியின் பொறுப்பு. கூண்டின் மேலே ஒரு கம்பித் தொட்டி இருக்கும், அதில் தீனிக் கட்டிகளை எடை போட்டு வைப்பார்கள். மறுநாள் மிச்சத்தை எடை போடுவார்கள். குறைந்தது எவ்வளவோ அவ்வளவும் எலி தின்றது. அந்தத் துறையில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றான். அவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எடை போட்டான். இரண்டு பகுதியிலும் ஒரே அளவுதான் குறைந்திருந்தது. சரிசமமாகத் தின்கின்றன, ஆனால் ஒன்று கொழுக்கிறது, இன்னொன்று மெலிகிறது. அப்புறம் என்ன, அதிசயம்தான்.

கட்டுரை வெளிவந்தது. பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். சிரஞ்சீவி நடைப் பட்டையில் நடந்தபடியே போட்டோ எடுத்துக்கொண்டார். 'வயிறாரச் சாப்பிடுங்கள், வாலிபமாக வாழுங்கள்' என்று ஒரு தலைப்பு. என் வீட்டுக்காரர் அதைக் கத்தரித்துக் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். உள்ளே இருப்பதை எடுத்துத் தின்பதற்கு அனுமதிச் சீட்டு மாதிரி அது அங்கேயே இருந்தது. போட்டோவில் சிரஞ்சீவிக்குப் பின்னால் பாதித் தலை ஒன்று தெரியும். அது என் தம்பி.

இனி நான் சொல்லப்போவதில் பாதி எனக்குப் பிறகுதான் தெரிய வந்தது. ஆனாலும் நடந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி வாங்கிவிட்டார்கள். நீரிழிவு உள்ளவர்கள், மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்கள், ஊசி போடாதவர்கள், தாங்களாக முன்வந்து சேரலாம். பழைய மாத்திரைகளை நிறுத்திவிட்டு இந்தப் பொடியை மாத்திரை உறைக்குள் அடைத்துத் தருவதைச் சாப்பிட வேண்டும். ஆட்கள் வரிசையில் நின்று சேர்ந்தார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் விடுமுறை நாள் வண்டிக்குக்கூட அப்படித் தள்ளுமுள்ளு பார்த்ததில்லை.

அதற்குள் எலி வீட்டில் ஒரு சின்ன விஷயம் நடந்தது. கூண்டின் அடியில் பரப்பியிருக்கும் மரத்தூளை வாரம் ஒரு முறை ஊழியர்கள் கொட்டிவிட்டுப் புதிது போடுவார்கள். அந்த வாரம் ஆள் பற்றாக்குறை, தம்பியே மாற்றப் போனான். பொடித் தீனிக் கூண்டின் தட்டைக் கையில் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். கனத்தது. பக்கத்துக் கூண்டின் தட்டைத் தூக்கினான், அது லேசாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். இவன் சல்லடை தேடினான்.

மரத்தூளைச் சலித்தபோது கீழே குவிந்தது தீனி. கொறித்துக் கொறித்துத் துப்பிய தீனித் தூள். நிறம் இரண்டுக்கும் ஒன்றுதான் என்பதால் மரத்தூளோடு மரத்தூளாகக் கிடந்திருக்கிறது. எலி கட்டியைக் கடிக்கும், துப்பும். பசி தாங்காமல் மறுபடி கடிக்கும், மறுபடி துப்பும். வயிற்றுக்குள் போனது கொஞ்சம்தான். மீதியெல்லாம் தரையில். தொட்டியில் குறைந்ததை எல்லாம் தின்ற கணக்கில் எழுதிக்கொண்டிருந்தான் என் தம்பி, தராசு என்று பெயர் வாங்கியவன்.

ஏன் துப்பின என்று யோசித்தவன், அந்தத் தீனியில் ஒரு துணுக்கை எடுத்துத் தன் நாக்கிலேயே வைத்துக்கொண்டான். கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பாம். வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்தும், மத்தியானம் சாப்பிட்ட சாப்பாட்டிலும் அதே கசப்பு இருந்ததாம்.

அப்போதும் அவன் மனது கேட்கவில்லை. பொடியே கலக்காத நல்ல தீனியை, அந்த எலிகள் உண்மையில் விழுங்கிய அளவுக்குக் குறைத்து, வேறு எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தான். சில வாரங்களில் அவையும் மெலிந்தன. அவற்றுக்கும் சர்க்கரை இறங்கியது. அதாவது பொடி ஒன்றையும் வெட்டி முறிக்கவில்லை. வாயில் வைக்க முடியாத சாப்பாட்டைப் போட்டு எலிகளைப் பட்டினி போட்டிருக்கிறார்கள். அதற்கு மருந்து என்று பெயர், கட்டுரை, போட்டோ.

சிரஞ்சீவியிடம் போய்ச் சொன்னான். அவர் நடையை நிறுத்தவில்லை.

"அப்படின்னா இது பசியைக் கட்டுப்படுத்துதுன்னு அர்த்தம். இன்னும் நல்ல செய்திதானே?"

"பசி இருக்கு சார். தின்ன முடியலை, அவ்வளவுதான். மனுஷங்களுக்கு நாம உறைக்குள்ள வெச்சுக் குடுக்கிறோம். அந்தக் கசப்புகூட அவங்களுக்குத் தெரியாது. அவங்க குறைச்சுச் சாப்பிடப் போறதில்லை. பழைய மாத்திரையையும் நிறுத்தியிருக்காங்க."

"நீங்க ரொம்ப ஜாக்கிரதையான ஆள். அதான் உங்களை எனக்குப் பிடிக்கும். இன்னொரு தடவை முழுசா செஞ்சு பாருங்க. அதுவரைக்கும் வெளியே பேச வேண்டாம்" என்றாராம் அந்த மகானுபாவர்.

இவனும் சரி என்று வந்துவிட்டான். முதுகெலும்பு என்று ஒன்று எலிக்குக்கூட உண்டு. மறுபடியும் தராசு, மறுபடியும் சல்லடை. எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருவதை நிறுத்தினான். போனில் கேட்டால், "வேலை நடக்குதுக்கா."

அவன் வராமல் இருந்ததில் என் வீட்டுக்காரருக்கு உள்ளூர மகிழ்ச்சி. ஏனென்றால் மனிதர் ஒரு காரியம் பண்ணி வைத்திருந்தார். அந்தச் சோதனையில் அவரும் புதிதாகச் சேர்ந்திருந்தார். என்னிடம், "டாக்டருங்களே ஊசியை நிறுத்திட்டாங்க, இனிமே இந்த மாத்திரைதான்" என்றார். உண்மையில் அங்கே போய், தனக்கு ஊசியே கிடையாது, மாத்திரை மட்டும்தான் என்று அளந்துவிட்டிருக்கிறார். ஊசி போடுகிறவர்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று தெரிந்துகொண்டு சொன்ன பொய். மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடாது, சர்க்கரை நன்றாக இறங்கிய பிறகு சொல்லி அவனை அசத்த வேண்டும் என்று என் வாயையும் கட்டினார். இத்தனை வருடம் ஊசியோடு அவர் பின்னால் அலைந்தது போதும் என்று நானும் இருந்தேன்.

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். தாடியும் மீசையுமாக, கண்ணெல்லாம் குழி விழுந்து. அவனைப் பார்த்து நான் பேச வாயெடுப்பதற்குள் என் வீட்டுக்காரர் சட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"பாத்தியா மாப்ளே? பெல்ட்ல புது ஓட்டை போட்டிருக்கேன். எப்படி இளைச்சிட்டேன் பாரு."

சொல்லிவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்தார். உடனே கழிவறைக்குப் போனார். வந்தார், மறுபடி தண்ணீர். சில நாட்களாகவே அப்படித்தான். வெயில் காலம் என்று நினைத்திருந்தோம். தம்பி சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவரையே பார்த்தான்.

"மாமா, ஊசி போட்டுக்கிட்டீங்களா?"

"ஊசியா? அதெல்லாம் தூக்கிப் போட்டாச்சு." சட்டைப் பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசை மேல் வைத்தார். "இது யாரு மருந்து தெரியுதா? என் மாப்பிள்ளை மருந்து."

தம்பி கையைக் கழுவவில்லை. எழுந்து சர்க்கரை பார்க்கும் கருவியைத் தேடி எடுத்து வந்து அவர் விரலைக் குத்தினான். கருவி எண்ணே காட்டவில்லை. தன்னால் அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கிறது என்று மட்டும் காட்டியது. டாக்ஸியைக் கூப்பிட்டவன் எங்கள் வீட்டு எண்ணை மாற்றிச் சொன்னான். நான்தான் போனைப் பிடுங்கி விலாசம் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு நரம்பில் ஊசி குத்தி மருந்து ஏற்றினார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும், அப்புறம் சொல்வதற்கில்லை என்றார் அங்கிருந்த டாக்டர். நானும் தம்பியும் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். அங்கே வைத்துத்தான் அவன் எல்லாவற்றையும் சொன்னான். கூண்டு, மரத்தூள், கசப்பு, சிரஞ்சீவி. சொல்லி முடித்துவிட்டு, "மாமாவை நாளைக்கே அதுலேருந்து எடுத்துரணும்க்கா. நானே கையெழுத்து போட்டு எடுத்துர்றேன்" என்றான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை.

"மத்தவங்களை யாரு எடுப்பா?" என்றேன்.

"அது... இன்னொரு தடவை முழுசா செஞ்சுட்டா..."

"எத்தனை பேரு சாப்பிடறாங்க அந்த மருந்தை?"

"நெறைய பேரு."

"ஊரான் வீட்டு ஆளுன்னா இன்னொரு தடவை எடை போட்டுப் பார்ப்பே. மாமான்னா மட்டும் நாளைக்கே கையெழுத்தாடா?"

எதிர் பெஞ்சில் ஒரு பெண் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

"டைரக்டர் என்னை வெளியே அனுப்பிருவாருக்கா. தீனியை எடை போட்டவன் நான். தப்பு என் மேலதான் வரும்" என்றான்.

"உன் தப்புதானே?"

"ஆமா" என்றான். அழுதான். வெட்கமாக இருந்தது எனக்கு, பாவமாகவும் இருந்தது. ஆனால் கண்ணைத் துடைத்துவிடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஊசி ஏறி, சர்க்கரை இறங்கி, தெளிவாகப் பேச ஆரம்பித்ததும் என் வீட்டுக்காரர் பண்ணிய கூத்தைக் கேட்க வேண்டும். ஊசியை நிறுத்தியது தன் தப்பாம், மருந்து நல்ல மருந்தாம், அதை விட மாட்டாராம்.

"மாமா, அது வெறும் பொடி. ஒண்ணுத்துக்கும் ஆகாது" என்றான் தம்பி.

"உன் உழைப்பை நீயே கேவலமா பேசாதே மாப்ளே. எனக்குக் கெட்ட கோபம் வரும். எத்தனை வருஷமா பாடுபட்டிருக்கே. ஊர்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க, நான்தான் பொய் சொல்லிச் சேந்து கெடுத்துக்கிட்டேன். நீ இதுக்குப் போய் மனசு உடையாதே."

தம்பிக்கு ஆறுதல் சொல்கிறாராம். கையில் ஊசி குத்தியிருக்கிறது, பக்கத்தில் மருந்துப் பை தொங்குகிறது, சாகக் கிடந்த மனிதர் தன்னைக் கொன்றிருக்க வேண்டிய மருந்துக்கு வக்காலத்து வாங்குகிறார். ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். தம்பி மட்டும் அவருடைய அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அந்த வாரக் கடைசியில் ஆராய்ச்சி நிலையத்தின் மண்டபத்தில் சோதனையில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் கூட்டம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு நாள்கூட ஆகவில்லை, போயே தீருவேன் என்று இவர் ஒற்றைக் காலில் நின்றார். துணைக்கு நானும் போனேன். மேடையில் சிரஞ்சீவி. அங்கே நடைப் பட்டை இல்லாததால் மேடையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தார். நமக்கெல்லாம் வயது என்பது இனி வெறும் எண்தான் என்றார். கைதட்டினார்கள். என் வீட்டுக்காரரும் தட்டினார். ஊசி குத்திய இடம் வலித்திருக்க வேண்டும், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி எழுந்தான். மைக் முன்னால் போய் நின்றான். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு குரலில், "இந்த மருந்தை யாரும் சாப்பிடாதீங்க. உங்க பழைய மாத்திரையை இன்னைக்கே உங்க டாக்டரைக் கேட்டு ஆரம்பிச்சிருங்க" என்றான். ஏன் என்பதையும் சொன்னான். எலி துப்பியதைச் சொன்னான். பட்டினியைச் சொன்னான். ஒரு வார்த்தை மிகையில்லை, ஒரு வார்த்தை குறைவில்லை.

ஜனங்கள் அவனைக் கும்பிடுவார்கள் என்றா நினைக்கிறீர்கள்? பாய்ந்தார்கள்.

"எனக்குச் சுகர் குறைஞ்சிருக்கே, அது எப்படி?" என்றார் ஒருவர்.

"நடக்க ஆரம்பிச்சீங்க. மாசாமாசம் இங்க வந்து ரத்தம் குடுக்கணுமேன்னு இனிப்பைக் குறைச்சீங்க. அதனாலதான்."

"பெரியவர் மேல உனக்கு என்ன பொறாமை?" என்று ஓர் அம்மாள் எழுந்தாள். "கிடைச்ச ஒரு நல்லதையும் கெடுக்க வந்துட்டான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். உட்காரு உட்காரு என்று நாலு பேர் கத்தினார்கள். படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள். செத்துப் போக மாட்டீர்கள் என்று ஒருவர் சொன்னால் நம்புவார்கள். செத்துப் போவீர்கள் என்று இன்னொருவர் சொன்னால் அவனை அடிக்கப் போவார்கள்.

சிரஞ்சீவி கையை உயர்த்திக் கூட்டத்தை அமைதிப்படுத்தினார். முகத்தில் அப்படி ஒரு துக்கம். நடிப்பென்றால் அதுதான் நடிப்பு.

"நண்பர்களே, எலிகளின் தீனியை எடை போடும் பொறுப்பு முழுவதும் இவரிடம்தான் இருந்தது. இவர் சொல்வது உண்மையானால், தவறு செய்தவர் இவர்" என்றார்.

"ஆமா, நான்தான்" என்றான் தம்பி. "கீழே பார்க்காம விட்டது என் தப்பு. தெரிஞ்ச பிறகும் வாயை மூடிக்கிட்டு இருந்ததும் என் தப்பு."

அவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். அதில் தீனிக் கட்டிகள். "எலிக்குப் போட்ட அதே தீனி. யாராவது ஒரு வாய் தின்னு பாருங்க. சார், நீங்க பாருங்க" என்று சிரஞ்சீவியிடம் நீட்டினான். அவர் ஒரு அடி பின்னால் போனார். நூற்றிருபது வயது வரை வாழ வேண்டியவர் அல்லவா.

என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நான் பிடித்து நிறுத்துவதற்குள் என் வீட்டுக்காரர் தள்ளாடியபடி படியேறிவிட்டார். "குடு மாப்ளே" என்று ஒரு கட்டியை வாங்கினார். மாப்பிள்ளை பேச்சு பொய்யென்று காட்டி, மாப்பிள்ளையின் மருந்தைக் காப்பாற்றப் போன மனிதர். நறுக்கென்று கடித்தார்.

மென்றது ஒரே ஒரு தடவைதான். முகம் அஷ்டகோணலானது. கைக்குட்டையை எடுத்து அதில் துப்பினார், நாக்கைத் துடைத்தார், மறுபடி துப்பினார். மைக் பக்கத்திலேயே இருந்ததால் எல்லாம் மண்டபம் முழுக்கக் கேட்டது. பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"அடப்பாவிங்களா, இதையா அந்த வாயில்லா ஜீவனுங்களுக்கு வருஷக்கணக்கா போட்டீங்க?"

சட்டைப் பையிலிருந்த குப்பியை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு இறங்கி வந்தார். அப்புறம் சுகர் குறைந்ததே என்று கேட்டவர் எழுந்து போய்த் தன் குப்பியை வைத்தார். வேறு சிலரும் வைத்தார்கள். பாதிப் பேர் வைக்கவில்லை. பொறாமை என்று சொன்ன அம்மாள் தன் குப்பியைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடிக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஆனாலும் செய்தி வெளியே பரவிவிட்டது. சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று.

கவனக்குறைவுக்காக என் தம்பியை வேலையிலிருந்து நீக்கினார்கள். அத்தனை பேரில் கவனித்தவன் அவன் ஒருவன்தான், அதனால் கவனக்குறைவும் அவன் பெயரில் போனது. சிரஞ்சீவி இன்னும் அங்கேயேதான் நடந்துகொண்டிருக்கிறார். இப்போது வேறொரு பொடி. தம்பி எங்கள் தெருமுனையில் இருக்கிற ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தான். குழாய் குழாயாக ஊராரின் சர்க்கரையைப் பார்த்து எழுதிக் கொடுக்கிறான். தினமும் மத்தியானம் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, என் வீட்டுக்காரருக்குச் சாப்பாட்டுக்கு முன் ஊசி போடுவதும் அவன்தான்.

போன வாரம் ஒரு நாள் அவன் ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தான். இவர் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "மாப்ளே, இத்தனை வருஷம் அந்த எலியோட மாரடிச்சியே, கடைசியில தெரிஞ்சதுதான் என்ன?" என்று கேட்டார்.

"குறைச்சுத் தின்ன எலி நாள்பட வாழ்ந்துச்சு மாமா."

"அது முன்னாடியே எல்லாருக்கும் தெரியும்னு சொன்னியே?"

"தெரியும்."

"இதைச் சொன்னதுக்கா உன்னை வேலையை விட்டுத் துரத்துனாங்க?"

"இதை மட்டும் சொன்னதுக்கு" என்றான் தம்பி.

என் வீட்டுக்காரர் தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். பிறகு தானாகவே சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "போடு" என்றார்.